ப்ராசஸருக்குச் சந்தனம்

"…பூஜைன்னா ஒரு பொட்டு போதாதாப்பா? இதுக்கு ஃபேஷியலே பண்ணி வெச்சிருக்கே," என்றாள் மகள்.

தசரா காலை. ஹடப்சரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், புதுக் கம்ப்யூட்டருக்காக வாங்கிய ப்ராசஸரை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு பிஸ்கட் அளவுகூட இருக்காது. அதன் பளபளப்பான முதுகு முழுக்கச் சந்தனம். ராத்திரியெல்லாம் காய்ந்து, கோடைகாலக் குளம் போல வெடித்திருந்தது. நடுவில் குங்குமம் வேறு. வைத்தவன் நான்தான். மறுக்க வழியில்லை, என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்திருந்தது.

தீபாவளி முடிந்த மறுவாரம் அவள் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கார்ப் பந்தயமாவது ஆடிவிட வேண்டும். நான்கு வருடமாக நான் சொல்லி வந்தது இவ்வளவுதான்.

அவள் காலேஜில் சேர்ந்த வருடம், இரண்டு பேரும் போனில் ஆடுவோம். பத்து நிமிடத்தில் போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும், கார் பாதி ரோட்டில் நின்றுவிடும். "ஒரு நல்ல கம்ப்யூட்டர் போடலாம்ப்பா, சேர்ந்து ஆடலாம்," என்றாள். போட்டுட்டா போச்சு என்றேன். அங்கே பிடித்தது சனி.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு சரி. ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை. நட்டு போல்ட்டைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன் என்கிற திமிர் உண்டு. அதே திமிரோடு ப்ராசஸரையும் படிக்க ஆரம்பித்தேன். எத்தனை கோர், எத்தனை த்ரெட், எவ்வளவு சூடாகும், எல்லாம் வீடியோ பார்த்தே மனப்பாடம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். பலர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினார்கள். அவர்கள் ஸ்டாப் அதுதான் என்று நானும் நம்பினேன்.

கம்ப்யூட்டர் சாமான் கடைக்காரர் ஒரு மராட்டிக்காரர். தெற்கிலிருந்து வந்த எவரும் அவருக்கு 'அண்ணா'தான். முதல் நாளே இந்தியில் அழகாக விளக்கினார். ப்ராசஸர் கல்யாண வீட்டுச் சமையல்காரன், கிராபிக்ஸ் கார்டு பந்தியில் பரிமாறுகிறவன். ஒருத்தன் வேகமாக இருந்து இன்னொருத்தன் மெதுவாக இருந்தால் பந்தி நகராது. சில ப்ராசஸருக்கு வேகம் அதிகம், ஆனால் தனியாகக் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. சிலது தானே படத்தையும் காட்டிவிடும். என் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்தார்.

"அண்ணா, இந்தக் காசுக்கு சமைக்கிறவனே பரிமாறவும் செய்யணும். படம் காட்டுறதையே வாங்கிட்டுப் போ. கார்டை அப்புறம் பாத்துக்கலாம்."

வாங்கியிருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் புதிய வரிசை வருகிறது, பழையது விலை இறங்கும் என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டான். காத்திருந்தேன். புதியது வந்தது. பழையது இறங்கவில்லை, கடையிலிருந்தே காணாமல் போனது. சரி, இதற்கு அடுத்தது வரட்டும் என்றேன். இப்படியே மகள் முதல் வருடத்திலிருந்து கடைசி வருடத்துக்குப் போய்விட்டாள். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் இப்படித்தான் அடுத்த மாடலுக்குக் காத்திருப்பீர்களா என்று மனைவி கேட்டாள். கடைக்காரர் என் தலை தெரிந்ததுமே டீக்கு ஆள் அனுப்புவார், சாமான் எடுக்க ஆள் அனுப்ப மாட்டார்.

சென்னை வேலைக்கான கடிதம் வந்த அன்று மகள் தன் போனில் இருந்த அந்தக் கார் விளையாட்டை மட்டும் அழித்துவிட்டாள், இடம் போதவில்லையாம். மறுநாளே கடைக்கு ஓடினேன். எதை வாங்கினேன் என்கிறீர்கள்? முதல் நாள் அவர் சொன்ன அதே ரகம்தான், சமைத்துப் பரிமாறுகிறவன். நான்கு வருட ஆராய்ச்சியின் முடிவு அந்த மனிதரின் முதல் ஐந்து நிமிடம். அவர் பெருந்தன்மையாக அதைச் சொல்லிக் காட்டவில்லை. இரண்டாவது டீ சொன்னார்.

சாமான்கள் வீட்டுக்கு வந்தது ஆயுத பூஜை அன்று. கேபினட், மதர்போர்டு, ஸ்க்ரூடிரைவர், என் ஃபேக்டரி ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கினேன். மற்றவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், நான்கு வருடம் காக்க வைத்தவனையாவது சாமி நேரில் பார்க்கட்டும் என்று ப்ராசஸரை மட்டும் வெளியே எடுத்தேன். பக்தி முற்றிப்போய், பொட்டு வைக்கப் போன விரல் முழுசாகப் பூசிவிட்டது. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சந்தனம் நிம்மதியாகக் காய்ந்தது. அந்த முதுகின் மேல்தான் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி ஃபேனை உட்கார வைக்க வேண்டும் என்று பஸ்ஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அடிப்பக்கத்தில் கரண்ட் ஏறுகிற தங்கப் புள்ளிகளில் சந்தனம் இறங்கியிருந்தால் கதை முடிந்தது. புதிது வாங்கக் காசுமில்லை, காத்திருக்க நாளுமில்லை. நான் சோபா நுனியில், ரிசல்ட் பார்க்க வந்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

ஃபேஷியல் என்று சொன்னவளே மருந்து டப்பாவிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்தாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு, பொறுமையாகத் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள், அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மதர்போர்டில் பொருத்திப் பசை வைத்து, ஃபேனை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மற்ற ஒயர்களையும் மாட்டி ஸ்விட்சைத் தட்டினாள். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் எழுத்து வந்தது.

பஞ்சில் மிச்சமிருந்த குங்குமத்தை விரலில் தொட்டு, கேபினட்டின் வெளிப்பக்கம் ஒரே ஒரு பொட்டு வைத்தாள். பிறகு சாப்பாட்டு மேஜையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, என் இடுப்பு வலிக்காக ஒரு தலையணையை அதன் முதுகில் சாய்த்து வைத்தாள்.