ஊரே புளியங்கொட்டை

நாராயணப்பன் வாத்தியாருக்கு நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஜவளகிரிக்குப் போகிற வழியில், காட்டை ஒட்டிய ஒரு ஊரின் ஆரம்பப் பள்ளியில் அவர் தெலுங்குப் பிரிவு ஆசிரியர். கணக்குப் பாடம் என்றால் பிள்ளைகளைக் கேழ்வரகுக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படியால் அளக்கச் சொல்வார். ஒரு தடவை, யானை புகுந்த கொல்லையில் அதன் காலடித் தடத்தைச் சுற்றிக் கயிறு போட்டு அளக்க வைத்தார். பயிர் போன எரிச்சலில் இருந்த திம்மராயன், "யானை மிதிச்சது போதாதுன்னு வாத்தியாரு வேற வந்து மிதிக்கிறாரா?" என்று கத்திக்கொண்டே வந்தவன், கொஞ்ச நேரத்தில் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். திட்ட வருகிறவனையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளும் மனுஷன்.

சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். பெண்டாட்டி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தவர், பாப்பம்மா வீட்டு முன்னறையில் குடியிருந்து, அவள் கிண்டிப் போடும் களியைச் சாப்பிட்டு, ஊர்ப் பிள்ளைகளையே தன் பிள்ளைகளாக்கிக்கொண்டார். அந்த ஊரில் முக்கால்வாசி வீட்டில் தெலுங்குதான் பேச்சு. சந்தைக்குப் போனால் கன்னடம், தாசில்தார் முன்னால் நின்றால் தமிழ். எதிரில் இருப்பவன் எதில் கேட்கிறானோ அதில் பதில் சொல்வது அங்கே மரியாதை.

தலைமையாசிரியர் கோவிந்தப்பன் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளை வெயிலில் அலைக்கழிப்பதாக யாராவது புகார் சொன்னால், "அதுவும் பாடந்தான், போங்கய்யா" என்று விரட்டிவிடுவார். நாராயணப்பன் அவரைக் கூடப் பிறந்தவராகவே நினைத்திருந்தார்.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று காப்பிக் கடையில் தினமும் சண்டை. ஒரு நாள் கோவிந்தப்பனே வந்து சொன்னார்: "நாராயணப்பா, எந்த வீட்டுல என்ன பாஷை பேசறாங்கன்னு பசங்களையே விட்டுக் கேக்கச் சொல்லேன். உனக்குப் புடிச்ச மாதிரி பாடம்."

நாராயணப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளி முற்றத்தில் ஊரை வரைந்தார்: சுண்ணாம்புக் கோடு தெரு, ஓட்டுச்சில் வீடு. தமிழ் வீட்டுக்குப் புளியங்கொட்டை, தெலுங்கு வீட்டுக்கு ஆமணக்கு விதை, கன்னட வீட்டுக்கு அவரைக்கொட்டை. இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் கலந்து தெருத்தெருவாகப் போனார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் விசாரித்த வீடுகளில் விதையை வைத்தார்கள்.

தெரு முழுக்கப் புளியங்கொட்டை. கோயில் பக்கத்து நாலைந்து வீட்டில் அவரை. ஆமணக்கு வைத்திருந்த கூடை அப்படியே இருந்தது. நாராயணப்பன் முதலில் சிரித்தார். பிள்ளைகள் விதையை மாற்றி வைத்துவிட்டதாக நினைத்தார். "பாப்பம்மா வீட்டுல யார் கேட்டது?" என்றார். மூன்று பேர் கை தூக்கினார்கள். "தமிழுன்னுதான் சார் சொன்னாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற டெபுடி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றைக்கு அவர் வரப்போவது கோவிந்தப்பன் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த விதை எந்த பாஷை என்று கோவிந்தப்பன் சொல்லிக்கொண்டே வர, இன்ஸ்பெக்டர் முற்றத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதமான பாடம். யார் செஞ்சது?"

"நான்தாங்க" என்றார் நாராயணப்பன்.

"அப்ப நீரே சொல்லும். தெலுங்கே பேசாத ஊருக்கு எதுக்கய்யா தெலுங்கு வாத்தியார்?"

நாராயணப்பன் கோவிந்தப்பனைப் பார்த்தார். தினமும் இந்தத் தெருவில் காதைத் திறந்துகொண்டு நடக்கிறவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோவிந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெலுங்குப் பிரிவை எடுத்துவிட்டால் இன்னொரு தமிழ் ஆசிரியர் போடலாம் என்றும், பயிற்சி முடித்த தன் மச்சான் வீட்டில் சும்மாதான் இருக்கிறான் என்றும் சொன்னார். பாவி, கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்.

பிரிவை மூடச் சொல்லி எழுதுவதாகக் கூறிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். நாராயணப்பனுக்குக் கோவிந்தப்பன் மேல் வந்த கோபத்தைவிட ஊரின் மேல்தான் வயிறு எரிந்தது. அவன் ஒருவன், சுயநலக்காரன், போகட்டும். இந்த ஜனங்களுக்கு என்ன கேடு? அவர்கள் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவனை ஒரே நாளில் இப்படிக் கழுத்தறுத்துவிட்டார்களே! சாயங்காலம் தெருவில் நடந்தபோது எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். திம்மராயன் கண்ணைக்கூடச் சிமிட்டினான். நாராயணப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பாப்பம்மா தட்டில் களியை வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் பேசியதெல்லாம் தெலுங்கில்தான், நமக்காகத் தமிழில்.

"இப்ப எந்த பாஷையிலக்கா கூப்பிட்டே?" என்று சீறினார். "பசங்க கேட்டப்ப மட்டும் வாய்ல தமிழ் வந்துச்சா?"

பாப்பம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெல்லப் பேசு. நீ சொல்லி அனுப்பினதாலதானே சொன்னோம்?"

"நானா?"

"எட்மாஸ்டரு வீடு வீடா வந்தாரே. தெலுங்குன்னு சொன்னா உன்னை ஆந்திராவுக்கு அனுப்பிருவாங்களாம். நம்ம வாத்தியாரு நேர்ல கேக்கக் கூச்சப்படறாரு, அதான் என்னை அனுப்பினாருன்னு சொன்னாரு. திம்மராயன் அம்மா மட்டும், பெத்தவ பேசின பேச்சை எப்படிடி இல்லைங்கறதுன்னு அழுதா. நான்தான் கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். நம்ம பிள்ளைங்களுக்கு அப்பன் மாதிரி இருக்கறவரு, அவருக்காக ஒரு பொய்யி சொல்லக் கூடாதாடின்னேன்."

நாராயணப்பன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஒருத்தர் விடாமச் சொல்லிட்டோம்" என்றாள் பாப்பம்மா. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. "இனி உன்னை யாரும் அனுப்ப மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் களித் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.