ரவாங் வரை போய் விசாரித்த குளியலறை வேலை

கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர் தாயம்மாள். ஓட்டை விழுந்த கையுறையைத் தேடித் தேடியே பழகிய கண் அவருக்கு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. அதிலும், கூரை மாற்ற வந்த ஒருவன் பாதியில் கம்பி நீட்டிய பிறகு, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் என்றாலே சந்தேகம்தான்.

ஆனால் இப்போது வேறு வழியில்லை. இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த அக்காள் லெட்சுமி இங்கேதான் வந்தாக வேண்டும். வீட்டில் இருந்ததோ குந்தி உட்காரும் கழிப்பறை, வழுக்கும் தரை, குளியலறை வாசலில் அரையடிப் படி.

குளியலறையை மாற்றிக் கட்ட ஆள் கிடைக்குமா என்று முகநூலில் விசாரித்தார். இரண்டு பேர், "நான் செஞ்ச வேலை ஆன்டி" என்று ஒரே குளியலறைப் படத்தை அனுப்பினார்கள். ஜன்னலில் தொங்கிய பச்சைத் துண்டு உட்பட எல்லாம் ஒன்று. இருவருக்கும் அவர் பதில் போடவில்லை.

பக்கத்துத் தெருவில் சிமெண்டுக் கடை வைத்திருந்த வாசு, முகுந்தன் என்பவனைச் சொன்னார். "நல்லா செய்வான் லா."

"அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

"என்கிட்ட சாமான் வாங்குவான் ஆன்டி, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' தாயம்மாளுக்கு உறுத்தியது.

முகுந்தன் வந்தான். தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் மட்டும் மாத்தினா பத்தாது ஆன்டி. தரையை உடைச்சு, தண்ணி கசியாம பூச்சு போடணும்" என்றான். வேலையைப் பெருக்கப் பார்க்கிறான் என்று பட்டது அவருக்கு.

"நீ செஞ்ச வீடு ஒண்ணைக் காட்டு."

"ரவாங்ல இருக்கு. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை வரை விட்டால் அங்கே ஆளைத் தயார் செய்துவிடுவான். வியாழக்கிழமை காலையிலேயே ரயிலேறி, அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் ரோகிணி என்ற ஆசிரியை. விஷயத்தைக் கேட்டதும் பொரிந்து தள்ளினாள். "வேலை சுத்தம் ஆன்டி. ஆனா சொன்ன நாளுக்கு முடிக்க மாட்டான். போன் அடிச்சா எடுக்கவும் மாட்டான்."

"தரையை உடைக்கணும்ங்கிறானே?"

"எங்ககிட்டயும் சொன்னான். வேணாம்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். நாலே மாசத்துல சுவர் ஊறிப்போய் திரும்ப உடைச்சோம்."

சொல்லிவைத்து நிறுத்திய ஆளாக இருந்தால் இப்படித் திட்டியிருக்க மாட்டாள். அன்று மாலையே முகுந்தனை வேலையைத் தொடங்கச் சொன்னார்.

தொடங்கிய நாளிலிருந்து குளியலறைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தரை உடைந்து, பூச்சு காய்ந்த பிறகு, லோரியில் டைல்ஸ் வந்தது. பெட்டிகளின் ஓரத்தில் அச்சடித்திருந்த தயாரிப்புத் தொகுதி எண்களைக் குனிந்து படித்தார். ஏழு பெட்டியில் ஓர் எண், நான்கில் வேறு.

"முகுந்தா, கடையில மிஞ்சின சரக்கை என் தலையில கட்டப் பாக்குறியா?"

அவன் முகம் சுண்டிப்போனது. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு டைல்ஸை எடுத்து வெயிலில் வைத்தான். ஒன்று வெள்ளை. மற்றது லேசாக மஞ்சள்.

"ஏத்தும்போதே பாத்திருக்கணும் ஆன்டி. பாக்கல. தப்பு என்மேலதான்."

பழியைக் கடைமேல் போடுவான் என்றுதான் தாயம்மாள் எதிர்பார்த்திருந்தார்; அவன் போடவில்லை. ஆனாலும் அவனைத் தனியே கடைக்கு அனுப்ப மனமில்லை. லோரியிலேயே ஏறிக்கொண்டார்.

"ஒட்டிட்டா வித்தியாசம் தெரியாது" என்றார் டைல்ஸ் கடைக்காரர். தாயம்மாள் வாயைத் திறக்குமுன் முகுந்தன், "தெரியும் boss. மாத்திக் குடுங்க. இல்லேன்னா இங்கேயே நிப்போம்" என்றான். பதினொரு பெட்டியும் ஒரே எண்ணில் வந்தன. ஒவ்வொன்றையும் தாயம்மாளே பார்த்து ஏற்றச் சொன்னார்.

வேலை ஐந்து நாள் தள்ளித்தான் முடிந்தது. அதற்குள் அக்காள் வந்துவிட்டார். அந்த ஐந்து நாளும் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குத்தான் அவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப் போனார்கள். லெட்சுமி கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள், படியில்லாத வாசல் வழியாக நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே போய், சுவரில் இருந்த எஃகுக் கைப்பிடியைப் பிடித்தார். தாயம்மாளும் பின்னாலேயே நுழையப் பார்த்தார்.

"நீ எதுக்கு? வெளிய போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார் லெட்சுமி.