விட்டுப்போன பதினாறு பக்கம்

வக்கீலின் கனத்த ஆங்கில அகராதியைத் தைத்து, அட்டை போட்டு, தங்க எழுத்து பதித்துக் கொடுத்தனுப்பிய பிறகுதான் பைண்டர் மேசையைச் சுத்தம் செய்தார். பசைச் சட்டிக்கு அடியில் பதினாறு பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தைக்காமல் விட்டிருக்கிறார்! அத்தனையும் சி, ஓ, என் என்று தொடங்கும் சொற்கள்.

சொன்னால் தொழில் மானம் போய்விடும். வக்கீல் வந்து கேட்டால் வாயாலேயே அர்த்தம் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். கன்சீல் என்றால் மறைத்தல். கன்ஃப்யூஸ் என்றால் குழப்புதல். கான்ஷியன்ஸ் என்றால் மனசாட்சி. ஒன்பது வருஷத்தில் எல்லாம் தலைகீழ்ப் பாடம். வக்கீல்தான் வரவே இல்லை.

ஒருநாள் மனைவி ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். "இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"கன்ஃபெஸ். செஞ்ச தப்பை ஒத்துக்கிறது."

"அர்த்தமெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே பக்கங்களைச் சுருட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார்.

வக்கீல் கண்ணாடி அலமாரியைக் காட்டிச் சிரித்தார். "அந்தப் புத்தகமா? அட்டை அவ்வளவு அழகா இருக்கு, இன்னும் பிரிச்சே பாக்கல. குடுங்க, உள்ள சொருகி வச்சிடறேன்."

பைண்டருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! பக்கங்களைக் கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் சார். இங்க இருந்தா யாரு படிக்கப் போறா?"