கீரை வடித்த தண்ணீர்

போன வாரம் பாரோயில் எங்கள் பின்வீட்டு அம்மா முருங்கைக்கீரை வேகவைத்தார். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் எங்களுடையதும் எதிரெதிர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். கீரை வேகும் வாசனை வந்ததும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அறுபது தாண்டியவள் கீரைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறாளே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் நின்றது. என் அண்ணன் அந்தத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். மத்தியானம் அவர் கழற்றிப் போடும் சட்டையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். துவைப்பது என் வேலை. துவைக்கும் முன் விரலில் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன், இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போட்டிக்சன் கடலில் குளித்துவிட்டு வந்த சட்டை மாதிரி கரிக்கும்.

அந்த உப்புக்குள் இருப்பது சோடியம் என்று தெரிந்துகொண்டது ரொம்பப் பிறகு, சிரம்பானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தண்ணீர், வெளியிலும் தண்ணீர். உள்ளே இருப்பதில் பொட்டாசியம் அதிகம், வெளியே இருப்பதில் சோடியம் அதிகம். நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவரில் இருக்கும் பம்பை நான் தோட்டத்துக் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா என்றுதான் மனப்பாடம் செய்தேன். மூன்று சோடியத்தை வெளியே தள்ளுவார், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே விடுவார். அவருக்குத் தூக்கமும் இல்லை, லீவும் இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால் வித்தியாசம் குறைந்து இதயம் தடுமாறும், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது சிறுநீரகம். அண்ணனுக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் வந்து, அந்தச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். அவர் கையில் ஊசி ஏற்றியதும் நான்தான். வெள்ளைக் கோட்டு போட்ட என்னை எல்லார் முன்னாலும் "பாப்பா, மெதுவா குத்து லா" என்பார். எனக்கு மானம் போகும்.

அண்ணிக்குப் பத்தியம் சொல்லிக் கொடுத்ததும் நானே. கீரையோ காயோ, பொடியாக நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

"ஏன் பாப்பா அப்பிடி?" என்று அண்ணி கேட்டார்.

"டாக்டர் சொல்றாரு அண்ணி. செய்ங்க, போதும்."

பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும் என்று சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை ஆகியிருக்கும்? ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அண்ணிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். கோட்டு புதுசு, கொழுப்பும் புதுசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கீரை வைக்கோல் மாதிரி இருக்கும். ஆனால் ரசம் இருக்கிறதே, அப்படி ஒரு ரசத்தை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. நாள் முழுக்க இரண்டே கிளாஸ் தண்ணீர் என்று கட்டுப்பாடு இருந்ததால், அண்ணனுக்கு அந்த ரசம்தான் உயிர். சோற்றைக் குறைத்துக்கொண்டு ரசத்தைக் கூடுதலாக ஊற்றச் சொல்வார். நானும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வேன். இதில் என்ன போட்டீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. வாழைப்பழமா, இளநீரா என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல பாப்பா. அண்ணி போடுறதத்தான் சாப்புடுறேன்."

நான் நம்பவில்லை. சத்தியம் பண்ணாத நோயாளி உண்டா? தலையணை உறைக்குள் வாழைப்பழம் வைத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தவர்களெல்லாம் கேட்கும்படி, "பொய் சொல்லாதீங்கண்ணே. திருடித் தின்னா செத்துத்தான் போவீங்க," என்றேன்.

அவர் குழாயில் ஓடும் தன் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லல பாப்பா."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. வீம்பில் நான் அந்த ஞாயிறு சாப்பிடவும் போகவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ சொன்ன மாதிரியேதான் பாப்பா செஞ்சேன். கீரைய வடிச்சுத்தான் குடுத்தேன். வெறும் சக்கைய எப்பிடிக் குடுக்கிறதுன்னு மனசு கேக்கல. அந்தத் தண்ணிய ஊத்தி ரசம் வச்சேன். சத்து வீணாப் போவக்கூடாதுல?"

எங்கள் லயத்தில் வடித்த தண்ணீரை யார் கொட்டினார்கள்? சோறு வடித்த கஞ்சி, பருப்பு வெந்த தண்ணீர், கீரை வெந்த தண்ணீர் எல்லாம் ரசமாகும், குழம்பாகும். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். அந்த நிலையத்தில் இதை ஊகித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். ரசத்தால்தான் போனார் என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த நோயில் இதயம் எப்படியும் பலவீனம்தான். இருந்தாலும் அந்த இரண்டு மாதப் பரிசோதனைக் காகிதங்கள் என் கண்ணை விட்டுப் போவதில்லை.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க அண்ணி," என்றேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகு வேலையை விடும்வரை, புதிதாக வந்த ஒவ்வொரு வீட்டம்மாவிடமும் ஜாகா கதை முழுவதையும் சொல்லி, வடித்த தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னேன். கூட வேலை செய்தவர்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

இப்போது லயம் இல்லை, முருங்கையும் இல்லை. அங்கே தாமான் என்று ஒரு புதுக் குடியிருப்பு வந்து, வாசலில் நிஜமான ஜாகா உட்கார்ந்திருக்கிறார். அண்ணி நீலாயில் மகனோடு இருக்கிறார். போன மாதம் அண்ணனின் திதிக்குப் போனேன். படத்துக்கு முன்னால் இலையில் ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம்.

"எதுக்கு அண்ணி இவ்வளவு?"

"நீதானே அன்னிக்கு அவரத் திருடித் தின்னாருன்னு திட்டுன, டயாலிசிஸ்ல கூட இருந்தவங்க சொன்னாங்க. எனக்குத் தெரியாம இதத் தின்னுதானே போனாரு மனுசன். ஆசையாச்சும் தீரட்டும்னு வருசா வருசம் வைக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் அண்ணி செத்துவிடுவார். சொல்லாவிட்டால் அண்ணன் பொய்யர். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"ஆமா அண்ணி," என்று சொல்லி, அந்தச் சீப்பில் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றேன்.