தங்கூஸ் நரம்பு கட்டிய கிடார்

போன வாரம் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பழைய கிடார்கள் விற்பனைக்கு! அதுவும் எப்படிப்பட்ட கிடார்கள்? ஒன்றுக்குக் கழுத்து கோணல். இன்னொன்று, யார் வீட்டுக் கதவையோ அறுத்துச் செய்தது — பூட்டு இருந்த ஓட்டைகூட அப்படியே இருக்கிறது. ஒரு பேஸ் கிடாரில் நான்கு கம்பி, மூன்று முறுக்காணி. நாலாவது கம்பியை ஆணி அடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

படங்களுக்குக் கீழே ஊரே கூடிக் கேலி. 'அடுப்புக்கு ஆகும்' என்கிறார் ஒருவர். 'செய்தவனைப் பிடித்து உள்ளே போடுங்கள்' என்கிறார் இன்னொருவர்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நாலாவது படத்தில் சிரிப்பு நின்று கோபம் வந்துவிட்டது. ஏனென்றால்... ஐயா, நான் அந்தக் கிடார்களின் கட்சி!

எண்பதுகளில், பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்திலேயே பேஸ் கிடார் வைத்திருந்த ஒரே ஆள் நான். (வாசிக்கத் தெரிந்த ஆள் என்று சொல்லவில்லை, கவனிக்கவும்.) சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், தையல் மெஷினுக்கும் ஓடாத ஃபேனுக்கும் நடுவில் கிடந்தது. இஸ்திரி போட்ட திருக்கை மீன் மாதிரி உருவம். ஜன்னலுக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட். ஒரு முறுக்காணிக்குப் பதில் மேஜை டிராயரின் குமிழ். பார்த்ததும் காதல்!

"எதுக்கும் இன்னொரு தபா யோசிச்சிக்கோ" என்றார் கடைக்காரர். விற்கிறவரே இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

உப்புக் காற்று சும்மா இருக்குமா? மூன்றே மாதத்தில் கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்தன. புதுக் கம்பிக்காகச் சென்னை வரை போக எனக்குச் சோம்பல். குப்பத்தில் இல்லாத சரக்கா? தங்கூஸ் இருக்கிறதே — வலைக்கும் தூண்டிலுக்கும் போடுகிற நைலான் நரம்பு! நெத்திலிக்கு மெல்லிசு, சுறாவுக்குத் தடிமன் என்று நாலு அளவில் எடுத்துக் கட்டினேன். இனி எப்படித் துருப்பிடிக்கும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அது இல்லாமலேதான் பழகினேன். டிரம்ஸுக்கு ஒரு நண்பன், பாட்டுக்கு ஒரு நண்பன்... மூன்று பேர் சேர்ந்ததும் கச்சேரி 'பார்ட்டி' ஆகிவிட்டோம்.

அந்த நேரத்தில் என் தங்கை தேசம்மாவுக்கு ஆரம்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ரிசப்ஷனுக்கு டவுன் பார்ட்டிய நான் இட்டாறேன்."

உள்ளேயிருந்து தேசம்மா குரல் கொடுத்தாள்: "வேணாம் மாமா. எங்க அண்ணன்தான் வாசிக்கும்."

"அது இன்னா வாசிக்கும்?"

"கிடாரு! அதுல இன்னா வேணா வாசிக்கும்!"

மாமா சிரித்தார். "சரிம்மா. கிடார் சத்தம் என் காதுல வுழுந்தா உங்கண்ணன் பார்ட்டி. வுழலைன்னா எங்க ஆளுங்க மேடை ஏறிடுவாங்க. அப்பால மூஞ்சத் தூக்கிக்கினு நிக்கக் கூடாது, ஆமா."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வாழப்போகிற வீட்டில் வாய்விட்டுவிட்டாளே! நான் சொதப்பினால் அவளுக்கு அங்கே காலைக் காபியோடு தினமும் என் கிடாரையும் கலந்து கொடுப்பார்கள்.

கல்யாணத்தன்று சாயங்காலம், எங்கள் குப்பத்துப் பந்தல். டவுன் பார்ட்டி நிஜமாகவே வந்திருந்தது. வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூ, முன்வரிசை. மைக் செட் போட வந்த அன்வர் பாய், என் கிடாரின் வயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். அதன் ஆயுளில் — என்னிடம் வந்த பிறகு — அதுதான் முதல் தடவை. கையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தட்டு. ம்ஹூம்... ஸ்பீக்கரில் வெறும் 'உஸ்'.

அன்வர் பாய் குனிந்து நரம்பைத் தடவிப் பார்த்தார். "நைனா, இன்னா இது? தங்கூஸா?"

"ஆமா பாய். துருப் புடிக்காது."

"அட பேஜாரே! உள்ள கீறது காந்தம்யா. இரும்புக் கம்பி ஆடுனாத்தான் அதுக்குத் தெரியும். இத்த வெச்சிக்கினு வஞ்சிரந்தான் புடிக்கலாம்!"

பாய் இதை மைக் பக்கத்தில் நின்று சொல்லித் தொலைத்தார். பந்தல் மொத்தமும் சிரித்தது. மாமா கை காட்ட, வெள்ளை ஷூக்கள் எழுந்தன. நான் கிடாரைக் கழற்றப் போனேன்.

"ணா! எறங்கின... அவ்ளோதான்!"

மாலையும் கழுத்துமாக தேசம்மா எழுந்து நின்றாள். "வூட்ல வாசிச்சா தெரு முனை வரிக்கும் கேட்டுதே. அது எப்படி?"

"வூட்ல... ஐஸ் பொட்டி மேல சாச்சி வெச்சிக்கினு வாசிப்பேன்."

"அப்போ பொட்டிய எட்டாரச் சொல்லு!"

மீனுக்கு ஐஸ் போடுகிற பெரிய மரப்பெட்டி அது. காலியாக, ஆனால் வாசனையில் ஒரு குறையும் இல்லாமல், நாலு பேர் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். டவுன் பார்ட்டி கைக்குட்டையை எடுத்தது. அன்வர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிக்குள் ஒரு மைக்கை இறக்கினார். நான் கிடாரைப் பெட்டியின் விளிம்பில் அழுத்தி நிறுத்தித் தட்டினேன்.

தும்ம்ம்ம்...!

முதல் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

மாமா துள்ளி எழுந்தார். "இது போங்கு! பொட்டிதான சத்தம் போடுது? கிடாரு எங்க போடுது?"

"சத்தம் காதுல வுழுதா இல்லியா, அத்தச் சொல்லு மாமா" என்றாள் தேசம்மா. அப்படியே பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லா கேக்குது மாமா" என்றார் மாப்பிள்ளை, அவசரமாக.

தங்கையின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எனக்கிருந்த கவலை அந்த நிமிஷத்தோடு ஒழிந்தது.

நல்ல கிடாரை யார் வேண்டுமானாலும் தனியாக வாசித்துவிடலாம், ஐயா. மட்டமான கிடாரை வாசிக்கத்தான் ஒரு தங்கை வேண்டும், ஒரு பாய் வேண்டும், பெட்டி தூக்க நாலு பேர் வேண்டும்!

அன்றைக்கு ஐந்து பாட்டு வாசித்தோம். ஐந்தும் ஒரே பாட்டு மாதிரி இருந்ததாக வெள்ளை ஷூக்காரர் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னாராம்.

இருக்கட்டுமே... எங்கள் வீட்டுக் கல்யாணம், எங்கள் இஷ்டம்!