சேஷனின் இரண்டாவது கல்யாணம்

கரமனை அக்ரஹாரத்தில் சேஷனைத் தெரியாதவர்கள் குறைவு. எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டையில் விமானம் ஓட்டிப் போய், எல்லைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஒரு வருடம் கைதியாக இருந்துவிட்டு வந்தவர். இப்போது எழுபத்தெட்டு வயது.

அன்று அவர் குதித்து இறங்கியது ஒரு கரும்புத் தோட்டத்தில். முதுகெலும்பில் அடி. எழுந்து நிற்பதற்குள் கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நாட்டுச் சிப்பாய்கள்தான் வந்து மீட்டுக் கொண்டுபோனார்கள். நாலு வாரம் தனியறை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் பெயரையும் பதவியையும் எண்ணையும் மட்டும் சொன்னார். பிறகு மற்றக் கைதிகளோடு சேர்த்து அடைத்து, வீட்டுக்கு ஒரு கார்டு எழுதவும் விட்டார்கள்.

கார்டு வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கூடப் பறந்த விமானி, சேஷனின் விமானம் தீப்பிடித்து விழுந்ததைப் பார்த்திருந்தார். பாராசூட் அவர் கண்ணில் படவில்லை. செக்ரடேரியட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, மகன் போய்விட்டான் என்று நம்பிக் கர்மங்களைச் செய்தார். பத்தாம் நாள் தெருப் பெண்கள் கூடி ஜெயலக்ஷ்மியின் தாலியைக் கழற்றினார்கள். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

ஜனவரிக் கடைசியில் கார்டு வந்தது. படித்துவிட்டு அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அதே பெண்கள் தாலியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜெயலக்ஷ்மி வாங்கவில்லை. அவர் வந்து கட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். பதினோரு மாதம் வெறும் கழுத்தோடு இருந்தாள்.

சேஷன் திரும்பி வந்ததும், கர்மம் செய்யப்பட்டவர் உயிரோடு வந்தால் நாமகரணத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், கல்யாணம் உட்பட, என்றார் வாத்தியார். சேஷனுக்குக் கோபம் வந்தது. உள்ளே போய் மனைவியிடம், “நான் என்ன செத்தா போனேன்?” என்று கேட்டார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்கு ஆச்சு” என்றாள் அவள். “ஊரறியக் கழட்டினா. ஊரறியக் கட்டுங்கோ.”

அவர் போய் மணையில் உட்கார்ந்தார்.

முதுகு சரியாகாததால் அவர் மறுபடி விமானம் ஓட்டவில்லை. விமானப்படையிலேயே ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். டிசம்பர் தோறும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிடுவார்கள். தனியறையைப் பற்றிச் சொல்வார். அடித்தார்களா என்று குழந்தைகள் கேட்கும். கொஞ்சம், என்பார். ஜெயலக்ஷ்மி ஒரு தடவையும் கூடப் போனதில்லை.

போன டிசம்பரில் போனாள். அவர் இரண்டாவது கல்யாணத்தைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்தபின் ஸ்மிதா டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான்; பேச்சில் மலையாளம் கலந்து வரும்.

“மாமி, அந்த சமயத்துல உங்களுக்கு ரொம்பப் பேடியா இருந்திருக்கும், அல்லே?”

ஜெயலக்ஷ்மி அவள் பக்கம் திரும்பினாள்.

“பயம் இல்லை. கோபம். அவர் போயிட்டார்னு எனக்குத் தோணவே இல்லை. ஆனா யாரும் என்னைக் கேக்கலை. எங்கிட்டக் கேக்காமலே எல்லாரும் அழுது முடிச்சுட்டா.”

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சேஷனுக்கு இது புதிது. அத்தனை வருடமும் அவளுக்கு இருந்தது துக்கம் என்றே நினைத்திருந்தார். ஆட்டோவில் திரும்பும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்களும் கேட்கவில்லையே என்றாள். கிள்ளிப்பாலம் சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது. அவர் அந்தப் பத்தாம் நாளைப் பற்றி முதல் தடவையாகக் கேட்க ஆரம்பித்தார்.