ரயிலுக்கு ஓடாத இராமையா அண்ணன்

நேற்றுக் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்த கையோடு செய்தி வந்தது. தபால் இராமையா அண்ணன் போய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் நம் தேயிலைத் தோட்டத்துத் தபால் பையை வட்டகொடை ஸ்டேஷனுக்குச் சுமந்தவர். காய்ச்சல் என்று அவர் படுத்ததை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நாலு வருடத்துக்கு முன், ஒரே மாதத்தில் இரண்டு தடவை பை போய்ச் சேருமுன் ரயில் போய்விட்டது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆத்திரம். அண்ணனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டிஸ்பென்சர் நெஞ்சில் குழாய் வைத்து, முழங்காலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு சீக்கும் இல்லைங்க. அறுபதை நெருங்குனா நல்ல ஒடம்புக்கும் நடை கொறையும்."

துரை கேட்பாரா? வரும் திங்கட்கிழமையும் ரயிலைத் தவறவிட்டால் பேர் வெட்டு, வேலை இல்லை என்றுவிட்டார். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அந்த ஒற்றைக் காம்பராவில் அவர் குடும்பம் ஆறு பேர். கூடவே போய்ப் பார்த்து வர, ஆபீஸ் கிளாக்கரான என்னை அனுப்பினார்.

அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாதி வழியிலிருந்தே கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவரோ எங்கும் நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஒரே நடை.

"அண்ணே, கொஞ்சம் ஓடுங்கண்ணே!"

"ஓடலாங்க கிளாக்கரய்யா. இன்னைக்கு ஓடுனா, தொரை நாளைக்கும் இதே நேரத்தக் கேப்பாரு."

கீழே ஸ்டேஷனில் ரயில் ஊதியது. "பையக் குடுங்க, நான் ஓடிர்றேன்!" என்று பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை.

"நாளைக்கு யாரு ஓடுவா? உள்ளதப் போய்ச் சொல்லுங்க."

பாழாய்ப்போன பிடிவாதம் என்று வாய்விட்டே திட்டினேன். நாங்கள் இறங்குவதற்குள் ரயில் போய்விட்டது.

"வழியில் எங்கே நின்றான்?" என்று துரை கேட்டார்.

"எங்கேயும் நிக்கலைங்க" என்றேன். அண்ணன் சொல்லச் சொன்ன உள்ளது என்றால் இன்னொன்றும் இருந்தது. கடிதங்களைப் பையில் போட்டு முதல் நாள் மாலையே கட்டி வைக்கலாம். சோம்பல்பட்டு, காலையில் பெரட்டுக்குப் பிறகு கட்டியவன் நான். இத்தனை வருடம் என் தாமதத்தை அவருடைய வேகமான கால்தான் மூடி வைத்திருந்தது.

"பை அரை மணி முந்திக் கெடைச்சா அவரு ரயிலுக்கு முன்னாடி நிப்பாருங்க. தப்பு எம்மேலதாங்க."

துரை பார்த்த பார்வையில் என் பேரும் வெட்டுப்பட்டது என்றே நினைத்தேன்.

"நாளையிலிருந்து முந்திக் கட்டு" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அண்ணன் ஒரு ரயிலையும் தவறவிடவில்லை.

அவரைத் தெரிந்தவர்களே, துரை முகத்தைப் பார்த்து என் தப்பை நான் ஒப்புக்கொண்டது இந்த வேலையில் அந்த ஒரு நாள்தான். அண்ணன் ஓடியிருந்தால் அந்த நாள் எனக்குக் கிடைத்திருக்காது. அந்த நாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.